பல்பு தொங்கட்டும்

ஆஃப் பண்ணின லைன் என்று ஒன்று கிடையாது. ஆஃப் பண்ணியாச்சு என்று ஒருத்தர் சொன்ன லைன்தான் உண்டு.

புதுசா வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க என்று சங்கத்தில் கேட்டார்கள். எனக்குப் பேச வராது. எழுதவும் அவ்வளவாக வராது. எட்டாவதோடு நின்றவன். கம்பம் ஏறத் தெரியும். ஏறாமல் நிற்கவும் தெரியும். இரண்டாவதுதான் கஷ்டம். அதை எழுதுகிறேன்.

நான் லைன்மேனாகச் சேர்ந்தபோது ஒரு ஃபோர்மேன் இருந்தார். பேர் வேண்டாம். யாரையும் நம்ப மாட்டார். டீக்கடையில் கழுவின டம்ளரை இன்னொரு தடவை கழுவச் சொல்லுவார். கடைக்காரர் திட்டுவார். இவர் காதில் வாங்க மாட்டார்.

அவரிடம் இரண்டு பழக்கம். டிரான்ஸ்பார்மரில் பிடுங்கின பீஸ் கட்டைகளை அங்கேயே வைக்க விடமாட்டார். பையில் போட்டு, ஏறப்போகிற கம்பம் வரைக்கும் தூக்கிக்கொண்டு வரணும். கட்டை நம்ம கையில் இருந்தால் வேறு எவனும் தெரியாத்தனமாக லைன் கொடுக்க முடியாது.

அதுக்கு அப்புறம் பல்பு. இரண்டு பல்பைச் சேர்த்துக் கட்டி, கழியில் கொக்கி வைத்து, கீழே இருந்தே கம்பியில் மாட்டுவார். எரியாவிட்டால்தான் ஏறலாம்.

"கட்டைதான் பையில இருக்கே, அப்புறம் பல்பு எதுக்கு?" என்று கேட்டேன்.

"கட்டையைப் பிடுங்கினது நீதானே? உன்னை எனக்கு எப்படித் தெரியும்?"

எல்லாரும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பல்பை எடுத்துவிடுவார்கள். அவர் எடுக்க விடமாட்டார். ஆள் இறங்குகிற வரைக்கும் அது தொங்கணும். "நீ பார்த்தப்ப இல்ல. இப்ப?" என்பார். வேலை முடியும் வரை அதையே கேட்டுக்கொண்டிருப்பார். எரிச்சலாக இருக்கும்.

அப்போதெல்லாம் கரண்ட் ஒரே பக்கமிருந்துதான் வரும். எங்கிருந்தோ டவர் வழியாக வந்து, டிரான்ஸ்பார்மரில் இறங்கி, வீட்டுக்குப் போகும். அந்தப் பக்கத்தை அடைத்தால் போதும். இப்போது வீட்டிலிருந்தும் வருகிறது. மொட்டை மாடியில் பேனல் போட்டவர் வீடெல்லாம் ஒரு குட்டி பவர் ஹவுஸ். சர்க்கார் அதைத்தான் வேணும் என்கிறது. எங்கள் ஆபீஸ் வாசலில் பேனர் கட்டி முகாம் போட்டார்கள். செக்‌ஷன் இன்ஜினியர் ஏ.ஈ. மேடம் சின்ன வயசு, சுறுசுறுப்பு.

"அண்ணா, தெற்கே போனா ஊர் ஊரா காத்தாலை சுத்துது. பொட்டல் முழுக்க பேனல். காத்தாலும் வெயிலாலும் நம்ம ஸ்டேட் முன்னாடி போகுது. நம்ம செக்‌ஷன் மட்டும் பின்னாடி நிக்கலாமா?"

நான் பேனரைப் பார்த்தேன்.

"லைன்ல வேலை செய்யறவங்களுக்கு ஆபத்து இல்லண்ணா. லைன்ல கரண்ட் போன உடனே சோலார் பெட்டி தானா நின்னுடும்."

அந்தத் 'தானா' எனக்குப் பிடிக்கவில்லை. தெருவிளக்கு தானா அணையும் என்றார்கள். பகலெல்லாம் எரிந்தது. ஒரு சர்க்கார் கட்டடத்து மாடியில் பேனல் போட்டார்கள். ஒயர் கொடுக்கவே இல்லை. போட்டோவில் நன்றாக வந்தது. இதெல்லாம் பார்த்தவன் நான்.

ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனுக்கு உள்ளே ஒரு தெரு. அங்கே முதலில் சோலார் போட்டது ஸ்டெல்லா டீச்சர். கணக்கு டீச்சராக இருந்து ரிடையர் ஆனவர். அவர் வீட்டுக்காரருக்கு நுரையீரல் சரியில்லை. ஆக்சிஜன் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கணும். கரண்ட் போனாலும் சோலார் கைகொடுக்கும் என்று கம்பெனிப் பையன் சொன்னதை நம்பிப் போட்டார். போட்ட பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் என்னை வழியில் நிறுத்தினார்.

"தம்பி, தெருவுல கரண்ட் போனா இதுவும் போயிடுதே. மேல வெயில் காயுது, கீழ விசிறி நிக்குது. இது என்ன நியாயம்?"

"பாதுகாப்புக்காம், டீச்சர்."

"யாரோட பாதுகாப்புக்கு?"

"எங்களோடது. நாங்க கம்பத்துல இருக்கும்போது உங்க வீட்டுக் கரண்ட் லைன்ல வரக் கூடாதுன்னு."

நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்தார். "அப்ப சரி" என்றார். மிஷினுக்குத் தனியாக ஒரு பேட்டரி வாங்கி வைத்துக்கொண்டார்.

நல்ல மனுஷி. ஆனாலும் அவர் 'சரி' என்றதை நான் முழுசாக நம்பவில்லை. புருஷன் மூச்சுக்குத் தவிக்கும்போது, பேட்டரியும் இறங்கிப்போனால், எவனையாவது கூப்பிட்டு ஒரு ஒயரை மாற்றிப் போடச் சொல்ல மாட்டாரா? நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

நான் ரிடையர் ஆவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், நல்ல வெயில் காலம். மத்தியானம் திடீரென்று காத்து அடித்து, அந்தத் தெருவில் மரக்கிளை ஒடிந்து லைன் மேல் விழுந்தது. கம்பி ஒன்று அறுந்து தொங்கியது. நானும் சேகரும் போனோம்.

சேகர் காண்டிராக்ட் ஆள். பெரும்பாக்கத்தில் சர்க்கார் கொடுத்த அடுக்குமாடியில் வீடு. மனைவி, படிக்கிற பெண் ஒன்று. வேகமான வேலைக்காரன். வேகம் இருந்தால் பர்மனென்ட் ஆக்குவார்கள் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

டிரான்ஸ்பார்மரில் பீஸ் கட்டைகளை நானே பிடுங்கினேன். பையில் போட்டேன். ஏறுவதற்கு முன் கம்பியை மண்ணோடு சேர்த்து மாட்டுகிற எர்த் ராடு ஒன்று உண்டு. அது மாட்டினால்தான் முழுப் பத்திரம். செக்‌ஷனில் இருந்ததே ஒன்று. அன்றைக்கு அது வேறு தெருவில் இருந்தது. மேடத்துக்கு போன் போட்டேன். "அனுப்பி வைக்கிறேண்ணா, வர்ற வரைக்கும் ஏறாதீங்க" என்றார்.

சரி என்று கழியை எடுத்துப் பல்பை மாட்டினேன்.

எரிந்தது.

மங்கலாகத்தான். ஆனால் எரிந்தது.

"இன்னாணா இது? கட்டை உன் பைலதானே கீது?" என்றான் சேகர்.

பையைத் திறந்து காட்டினேன். எல்லாக் கட்டையும் இருந்தது. இத்தனை வருஷத்தில் கட்டை பையில் இருந்து பல்பு எரிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எதிர்வீட்டு அக்கா ஜன்னலில் தலையை நீட்டினார். "ஏம்பா, ஃபேன் மெதுவா சுத்துது. கரண்ட் வுட்டுட்டீங்களா?"

"இல்லக்கா. எதையும் தொடாதீங்க."

"தொடலப்பா. செல்லு மட்டும் சார்ஜ்ல போட்டுக்கறேன்."

தெருவில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். முன்னால் நின்றது மாணிக்கம். அவர் கட்டடத்தில் கீழே விசேஷத்துக்கு விடுகிற மினி ஹால், மேலே வீடு. அன்றைக்கு ஹாலில் ஒரு வளைகாப்பு.

"லைன்மேன், நான் அந்தம்மா மாடில பேனல் ஏத்தின அன்னிக்கே சொன்னேன். அதுலருந்துதான் ரிட்டர்ன் வருது. வேற எங்கருந்து வரும்? முதல்ல அவங்க கனெக்‌ஷனைக் கட் பண்ணு."

எனக்கும் அதுதான் தோன்றியது. நிமிர்ந்து பார்த்தேன். பேனல் வெயிலில் கண் கூசுகிற மாதிரி மின்னியது.

டீச்சர் வீட்டுக்குள் போனேன். மாணிக்கமும் கூடவே வந்தார். உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சரின் வீட்டுக்காரர், எங்களுக்கு சார், மூக்கில் குழாயோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். தலைமாட்டில் விசிறி.

"பாரு, தெருவுக்கே இல்ல, இவங்க வூட்ல ஓடுது" என்றார் மாணிக்கம்.

"பேட்டரில ஓடுது" என்றார் டீச்சர்.

"பேட்டரியோ இன்னாவோ."

"மாணிக்கம், உன் பையனுக்கு நான்தான் கணக்கு சொல்லிக் கொடுத்தேன். நான் பொய் சொல்ற ஆளான்னு அவன்கிட்ட போய்க் கேளு."

"அவன் கணக்குல ஃபெயிலு, டீச்சர்."

வாசலில் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. என்னிடம் திரும்பினார். "சோலார் சுவிட்ச் அங்க இருக்கு. நீங்களே ஆஃப் பண்ணுங்க. நான் தொட்டா வேற எதையோ பண்ணேன்னு சொல்லுவாங்க."

நானே ஆஃப் பண்ணினேன். தெருவிலிருந்து சேகர் கத்தினான்.

"அணைஞ்சிடுச்சுணா!"

"ஃபேனும் நின்னுடுச்சு" என்று எதிர்வீட்டு அக்காவின் குரல்.

ஒரே சத்தம். மாணிக்கம் என் தோளைத் தட்டினார். டீச்சர் கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நிஜமாவே எங்க வீட்லருந்துதானா?" என்றார். என்னைக் கேட்கவில்லை. தன்னையே கேட்டுக்கொண்டார்.

"அதான் தெரிஞ்சுபோச்சே, கட் பண்ணிட்டு வேலையைப் பாரு" என்றார் மாணிக்கம். கட் பண்ணினால் சோலார் மட்டும் போகாது. வீட்டுக்கே கரண்ட் கிடையாது. பேட்டரி ஏறாது. மிஷின் எத்தனை நேரம் ஓடும்? சார் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

சேகர் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தான்.

"ராடு வரட்டும்" என்றேன்.

"அது எப்ப வர்றது? கட்டை உன் பைல. சோலார் ஆஃப். பல்பு அணைஞ்சிடுச்சு. இன்னும் இன்னாணா வோணும் உனுக்கு?"

எனக்கு என்ன வேணும் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. முகாம் போட்ட நாளிலிருந்து எனக்கு அந்தப் பெட்டியைப் பிடிக்காது. இப்போது மாட்டிக்கொண்டிருப்பதும் அதே பெட்டி. மேடத்தைப் பார்த்து, 'தானா நிக்கும்னீங்களே' என்று கேட்கிற வார்த்தை என் நாக்கில் தயாராக இருந்தது. அவ்வளவு சுலபமாக நான் நினைத்ததே நடந்தால் அதில் ஏதோ கோளாறு. ஃபோர்மேன் உயிரோடு இருந்திருந்தால், 'நீ பிடிச்ச ஆளு உனக்கு முன்னாடியே பிடிக்காத ஆளுதானே?' என்று கேட்டிருப்பார்.

"சோலாரை மறுபடி போடச் சொல்லு" என்றேன்.

"எதை?"

"சோலாரை. அதுலருந்துதான் வந்துச்சுன்னா திரும்பப் போட்டா பல்பு எரியணும்ல?"

"பைத்தியமாணா உனுக்கு? வெயில்ல மண்டை காய்ஞ்சு கீது."

டீச்சர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போய்ப் போட்டார். எல்லாரும் பல்பைப் பார்த்தோம். எரியவில்லை. இன்னும் நின்றோம். எரியவில்லை.

"அதான் அணைஞ்சிடுச்சே, வுடுப்பா" என்றார் மாணிக்கம். "ஹால்லயும் ஏசி நின்னுபோச்சு. பிள்ளைத்தாச்சிப் பொண்ணு வேர்த்துக் கொட்டுது. சீக்கிரம் லைனைக் குடு."

ஹாலில் ஏசி நின்றுபோச்சு. அது என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. அதுவரைக்கும் அந்த ஏசி எதில் ஓடியது என்று நான் கேட்டிருக்கணும்.

"பாத்தியா" என்றான் சேகர். "எதுலருந்து வந்திருந்தா இன்னா? போயிடுச்சுல்ல? நான் ஏறுறேணா." கம்பத்தில் கையை வைத்து ஒரு காலைத் தூக்கினான். நான் பின்னாலிருந்து பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் போச்சுன்னு தெரியாம ஏறாத."

"வுடுணா."

"ஏறாதடா."

"நீ ரிடையராவப் போற. எனுக்கு இன்னும் நாலு தெரு கீது. லேட்டானா உன்னை ஒருத்தனும் கேக்க மாட்டான். என்னைத்தான் நாளைலருந்து வராதம்பான். தெரியுமா?"

தெரியும். அவன் சொன்னது சரி. பெல்ட்டை மட்டும் விடவில்லை. தெருவே வேடிக்கை பார்க்கிறது. அவன் முன்னால் இழுக்கிறான், நான் பின்னால் இழுக்கிறேன். யாரோ, "கம்பம் ஏறுறதுக்கே சண்டையா" என்று சிரித்தார்கள்.

பல்பு எரிந்தது.

சிரிப்பு நின்றது. அப்போதுதான் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. ஹாலுக்குப் பின்னால் நின்ற வேனில் ஜெனரேட்டர். நாங்கள் தெருவுக்குள் வந்ததிலிருந்து ஓடிக்கொண்டிருந்ததுதான். நம்ம பக்கத்தில் கரண்ட் போனால் நாலு பக்கமும் ஜெனரேட்டர் ஓடும். காக்கா கத்துகிற மாதிரி. யாரும் காது கொடுப்பதில்லை. நடுவில் அது நின்றபோதும் எங்களுக்குக் கேட்கவில்லை. மறுபடி கிளம்பினபோதுதான் கேட்டது. அதோடு சேர்ந்துதான் பல்பு எரிந்தது.

சேகர் பல்பைப் பார்த்தான். தூக்கின காலை மெதுவாகக் கீழே வைத்தான். அப்படியே கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டான்.

நான் ஹாலுக்குப் பின்னால் போனேன். ஜெனரேட்டர்க்காரர் கையில் புனல், பக்கத்தில் டீசல் கேன். டீசல் தீர்ந்து நின்றிருக்கிறது, ஊற்றி மறுபடி ஓட்டியிருக்கிறார். அதே நேரத்தில்தான் நான் டீச்சர் வீட்டில் சுவிட்சைத் திருப்பியிருக்கிறேன். அங்கிருந்து ஒரு ஒயர் ஹால் சமையல்கட்டுக்குள் போனது. இரண்டு முனையிலும் பின். ஒரு முனை ஜெனரேட்டரில். இன்னொரு முனை சுவரில் கிரைண்டர் போடுகிற பிளக்கில். மெயின் ஆனிலேயே இருந்தால் அந்தக் கரண்ட் ஹாலோடு நிற்காது, மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்கும் ஏறும்.

"மெயினை ஆஃப் பண்ணலையா?"

"இல்லண்ணா. ஆஃப் பண்ணா, கரண்ட் வந்தது எப்படித் தெரியும்? எல்லா ஃபங்ஷனுக்கும் இப்படித்தான் போடுவோம். ஒண்ணும் ஆனதில்ல."

ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னேன். மெயினை நானே ஆஃப் பண்ணினேன். ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி, பீஸ் கட்டைகளோடு என் பையிலேயே போட்டுக்கொண்டேன்.

மாணிக்கம் முகம் செத்துப்போயிருந்தது. "சத்தியமா எனக்குத் தெரியாது, லைன்மேன்."

தெரியாமல் இருக்கலாம். நான் அதை அப்படியே நம்பவும் இல்லை.

"அந்தப் பொண்ணு உள்ள வேர்வைல உக்காந்திருக்கே, கொஞ்சம் காத்து வேணும்னுதான்..."

"வேணும்தான். அவன் பொண்டாட்டியும் பெரும்பாக்கத்துல உக்காந்திருக்கா" என்று சேகரைக் காட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

எர்த் ராடு வந்தது. மாட்டினோம். பல்பை எடுக்கவில்லை. சேகர் ஏறினான். மேலே போய் ஒரு தடவை குனிந்து, "பல்பு?" என்று கேட்டான். "இல்ல" என்றேன். கொஞ்சம் வேலை செய்துவிட்டு மறுபடி கேட்டான். இறங்குகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தான். எனக்கு எரிச்சல் வரவில்லை.

ராடைக் கழற்றி, கட்டைகளைப் போட்டு லைன் கொடுத்தோம். டீச்சர் வீட்டுக்குப் போனேன். சோலார் பெட்டியில் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் சின்னதாக ஒரு பச்சை விளக்கு வந்தது. தானாகத்தான் வந்தது.

"இப்பவாவது நம்புறீங்களா?" என்று கேட்டார் டீச்சர்.

"இல்ல, டீச்சர்."

அவர் முகம் சுருங்கியது.

"உங்க பெட்டி இன்னிக்கு ஒழுங்கா இருந்துச்சு. நாளைக்கு வந்தா மறுபடி பார்ப்பேன்."

யோசித்தார். அப்புறம் சிரித்தார். "நானும் இப்படித்தான் பேப்பர் திருத்துவேன்" என்றார்.

யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. சாயங்காலம் மாணிக்கம் வீட்டிலிருந்து ஒரு தட்டு வந்ததாம். புளி சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம், மேலே வளையல். வளைகாப்பு சாதம் என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். டீச்சர் வாங்கிக்கொண்டார். மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன். செக்‌ஷனுக்கு இன்னும் சில எர்த் ராடு வந்தது. 'தானா நிக்கும்னீங்களே' என்று நான் கேட்கவில்லை. கேட்க ஒன்றுமில்லை.

இனிமேல் உங்கள் காலத்தில் பேனல் இன்னும் வரும். வீட்டுக்கு வீடு பேட்டரி வரும், கார் சார்ஜ் போடுவார்கள். நான் அதற்கு எதிரி இல்லை. வெயில் நம்ம ஊரில் சும்மா காய்கிறது, எடுக்கட்டும். புதுசைச் சந்தேகப்படுங்கள், தப்பில்லை. பழசையும் அதே அளவுக்குச் சந்தேகப்படுங்கள். புகை விட்டுக்கொண்டு, காது கிழியச் சத்தம் போட்டுக்கொண்டு நம்ம பக்கத்திலேயே நின்றது அன்றைக்கு ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. மாடியில் சும்மா கிடந்ததைத்தான் எல்லாரும் பிடித்தோம். கெட்டது எதுவென்று உங்களுக்கு முன்னாலேயே தெரிந்த மாதிரி இருந்தால், ஏறாதீர்கள்.

சேகர் இன்னும் காண்டிராக்ட்தான். பர்மனென்ட் ஆக்குவோம் என்று சொல்கிறார்கள். சொல்கிறார்கள்.

போன மாசம் தாம்பரம் போக ராஜகீழ்ப்பாக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். எதிரே கம்பத்தில் ஒரு ஆள் வேலை செய்துகொண்டிருந்தான். யாரென்று தெரியவில்லை. புது முகம். கீழே, கம்பியில், கழியோடு ஒரு பல்பு தொங்கியது. அணைந்திருந்தது. கரண்ட்டில் ஓடுகிற புது பஸ் வந்தது. சத்தமே இல்லை, அது வந்து நின்றதே எனக்குத் தெரியவில்லை. "ஏறுங்க பெரியவரே" என்றார் கண்டக்டர். நான் ஏறவில்லை. அந்த ஆள் இறங்கித் தரையில் கால் வைக்கிற வரைக்கும் பல்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் அடுத்த பஸ்ஸில் ஏறினேன். அதுவும் கரண்ட் பஸ்தான். ஏறினதும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.